‘ஏதோ சமாளிக்கிறேன்’ என்று சொன்னதால் வந்த வினை

கேள்வி: எனக்கு வயது 46. லண்டனில் ஹரோவில் இருக்கிறோம். ஏழு வருடமாக முடக்குவாதம். ருமட்டாயிட் ஆத்ரைட்டிஸ் என்று வைத்தியசாலையில் சொல்கிறார்கள். கிழமைக்கு ஒருநாள் மெதோட்ரெக்ஸேட் குளிசை, இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஊசி. கடையில் காசாளராக வேலை செய்தேன். விரல் மடங்காததால் விட்டுவிட்டேன். பிப் (PIP) கொடுப்பனவுக்கு, அதாவது நீண்டகால நோயோ இயலாமையோ உள்ளவர்களுக்கு அரசாங்கம் தரும் காசுக்கு, விண்ணப்பித்து, தொலைபேசியில் ஒரு மணித்தியாலம் கேள்வி கேட்டார்கள். இப்போது கடிதம் வந்திருக்கிறது: நாளாந்த வாழ்க்கைக்கு 4 புள்ளி, நடமாட்டத்துக்கு 4 புள்ளி, கொடுப்பனவு இல்லை. ‘சமையலைச் சமாளிக்கிறார், வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போகிறார்’ என்று எழுதியிருக்கிறார்கள். ‘விட்டுவிடு, அரசாங்கத்தோடு என்ன சண்டை’ என்கிறார் கணவர். படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களுக்குத்தான் இந்தக் காசு என்றால், நான் கேட்டதே பிழையா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

மற்றதெல்லாம் பிறகு. முதலில் அந்தக் கடிதத்தின் மேல் மூலையில் இருக்கும் திகதியைப் பாருங்கள். கடிதம் உங்கள் கையில் கிடைத்த நாள் அல்ல, அதில் அச்சடித்திருக்கும் நாள். அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் ‘கட்டாய மறுபரிசீலனை’, அதாவது முடிவெடுத்த துறையே மறுபடி பார்ப்பது, கேட்க வேண்டும். முடிவு வந்து பதினேழு நாளாகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதனால்தான் உங்களுக்கு அன்றைக்கே சுருக்கமாகப் பதில் போட்டுவிட்டேன். இதே நிலைமையில் இருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் இங்கே விரிவாக எழுதுகிறேன். கடிதத்தில் உள்ள எண்ணுக்கு இன்றே தொலைபேசி எடுத்து, மறுபரிசீலனை வேண்டும், காரணங்களை எழுத்தில் அனுப்புகிறேன் என்று சொல்லுங்கள். அழைத்த நேரத்தையும் பேசியவரின் பெயரையும் குறித்து வையுங்கள். அதே அழைப்பில் மதிப்பீட்டாளரின் முழு அறிக்கையின் பிரதியையும் கேளுங்கள். முடிவுக் கடிதம் அந்த அறிக்கையின் சுருக்கம்தான். நாம் பதில் சொல்ல வேண்டியது அறிக்கைக்கு.

இதை வாசிக்கிற வேறு யாருக்காவது அந்த ஒரு மாதம் ஏற்கெனவே தாண்டிப் போயிருந்தால் மனம் உடைய வேண்டாம். நோய், வைத்தியசாலை, வீட்டில் ஒரு இழவு என்று நியாயமான காரணம் இருந்தால் பதின்மூன்று மாதம் வரை தாமதமாகவும் கேட்கலாம். காரணத்தைச் சொல்லித்தான் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் கேட்டது பிழையே இல்லை. 2013இல் கொண்டுவந்த இந்தக் கொடுப்பனவு நோயின் பெயருக்கோ வருமானத்துக்கோ கொடுப்பது அல்ல. முழு நேரம் வேலைக்குப் போகிறவர்களும் வாங்குகிறார்கள். கணவர் எவ்வளவு உழைக்கிறார் என்று கேட்கவே மாட்டார்கள். பன்னிரண்டு நாளாந்தக் காரியங்களை எடுத்துக்கொண்டு, அவற்றைச் செய்வதில் உங்களுக்கு எவ்வளவு சிரமம் என்று புள்ளி போடுகிறார்கள். முதல் பத்தும் நாளாந்த வாழ்க்கை, மற்ற இரண்டும் நடமாட்டம். ஒவ்வொரு பகுதியிலும் 8 புள்ளி எடுத்தால் சாதாரண விகிதம், 12 எடுத்தால் கூடிய விகிதம். 2025-26இல் நாளாந்த வாழ்க்கைப் பகுதிக்கு கிழமைக்கு 73.90 பவுண், கூடியது என்றால் 110.40. நடமாட்டத்துக்கு 29.20, கூடியது 77.05 ஆக இருந்தது. வென்றால் விண்ணப்பித்த காலத்திலிருந்து நிலுவையும் சேர்த்துத் தருவார்கள்.

கணவரிடம் ஒன்று சொல்லுங்கள். மேன்முறையீட்டுக்குப் போனால் ஏற்கெனவே கிடைத்ததும் குறையலாம் என்ற பயம் சிலருக்கு நியாயமானது. சாதாரண விகிதம் கிடைத்தவர், கூடியது கேட்டுப் போகும்போது ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கத்தான் வேண்டும். உங்களுக்கு ஒரு பென்ஸ்கூடக் கிடைக்கவில்லை. இழக்க என்ன இருக்கிறது? கட்டணமும் இல்லை. பிரித்தானியக் குடியுரிமை உள்ளவருக்கு இதனால் விசாச் சிக்கல் வருமோ என்ற கேள்விக்கே இடமில்லை. இது சண்டையும் அல்ல. முடிவு எடுத்தவர்களே கடிதத்தின் பின்பக்கத்தில் ‘உடன்படாவிட்டால் இப்படிச் செய்யுங்கள்’ என்று அச்சடித்துத் தருகிற வழி.

இனி விஷயத்துக்கு வருவோம். பதினைந்து வருடமாக நல உரிமை ஆலோசகராக எங்கள் ஆட்களின் மறுப்புக் கடிதங்களைப் பார்த்து வருகிறேன். கோப்பைத் திறந்தவுடன் நான் முதலில் தேடுவது நோயின் பெயரை அல்ல, ‘சமாளிக்கிறார்’ என்ற சொல்லை. உங்கள் அறிக்கையிலும் அது இருக்கிறது. நீங்கள் தொலைபேசியில் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். ‘சமைப்பீங்களா?’ ‘ஓம், ஏதோ சமாளிக்கிறன்.’ நம் வீட்டுப் பேச்சில் அந்த ‘ஏதோ’வுக்குள் எல்லாம் அடங்கிவிடும். கேட்கிற அக்காவுக்குப் புரியும், பக்கத்து வீட்டு மாமிக்குப் புரியும். ‘கஷ்டப்படுகிறாள், பாவம்’ என்று அடுத்த நாள் ஒரு சட்டி கறி கொண்டுவந்து தருவார்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ஏதோ’ உதிர்ந்துபோய் ‘சமாளிக்கிறார்’ மட்டும் மிஞ்சுகிறது. அதற்குப் பூச்சியம் அல்லது இரண்டு புள்ளி. மதிப்பீட்டாளர் பொய் எழுதினார் என்று கோபப்படாதீர்கள். நீங்கள் சொன்னதைத்தான் எழுதினார். சொல்லாததை எழுதவில்லை.

இனி நீங்கள் சொல்ல வேண்டியது அந்த ‘ஏதோ’வுக்குள் இருப்பதை.

சட்டமும் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. பிப் விதிமுறைகள் ‘செய்ய ஏலுமா’ என்று மட்டும் கேட்கவில்லை. ஒரு காரியத்தைச் செய்ய முடியும் என்று கணக்கெடுக்க வேண்டுமானால் நாலு விஷயமும் பொருந்த வேண்டும். பாதுகாப்பாகச் செய்ய வேண்டும். ஏற்கத்தக்க தரத்தில் செய்ய வேண்டும். தேவைப்படுகிற அளவுக்குத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். நியாயமான நேரத்துக்குள் செய்ய வேண்டும். நியாயமான நேரம் என்பதற்கும் கணக்கு உண்டு: அந்த வருத்தம் (நோய்) இல்லாத ஒருவருக்கு அதிகபட்சம் பிடிக்கிற நேரத்தின் இரண்டு மடங்குக்கு மேல் போகக் கூடாது. இந்த நாலில் ஒன்று தவறினாலும், அந்தக் காரியத்தை அந்த முறையில் உங்களால் செய்ய ஏலாது என்றுதான் எடுக்க வேண்டும். பாதுகாப்பைப் பற்றி 2017இல் மேல் தீர்ப்பாயம் (தீர்ப்பாயத்தின் முடிவில் சட்டப் பிழை இருந்தால் பார்க்கும் மேல்மன்றம்) ஒரு முக்கியமான தீர்ப்புக் கொடுத்தது. விபத்து நடக்கத்தான் போகிறது என்று நிரூபிக்கத் தேவையில்லை. அலட்சியம் செய்ய முடியாத ஆபத்து இருக்கிறதா, நடந்தால் எவ்வளவு பாரதூரமாக இருக்கும் என்று பார்க்க வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு.

இதை வைத்துக்கொண்டு உங்கள் குசினிக்குள் போவோம். நீங்கள் அனுப்பிய இரண்டாவது கடிதத்தில் ஒரு வரி. போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள்: ‘மார்கழியில் கஞ்சி வடிக்கும்போது பானை கைதவறி, கொதித்தண்ணி காலில் கொட்டி, அதற்குப் பிறகு மகன்தான் வடித்துத் தருகிறான்.’ உங்கள் விண்ணப்பப் படிவத்தில் இது எங்கேயும் இல்லை. படிவத்தில் ‘சமைக்கக் கஷ்டம், கை நோ’ என்று மட்டும் இருக்கிறது. கஷ்டம் என்ற சொல்லுக்குப் புள்ளி கிடையாது. மணிக்கட்டில் பிடி இல்லாததால் சூடான பானையைத் தூக்கினால் ஆபத்து, இன்ன திகதி கால் வெந்தது, ஜீ.பி.யிடம் (குடும்ப வைத்தியரிடம்) களிம்பு வாங்கியது அவர்களுடைய பதிவில் இருக்கிறது, அன்றிலிருந்து இன்னொருவர் தன் கையால் செய்து தருகிறார். இதற்குத்தான் புள்ளி.

சமையலில் நம்மவர்கள் இன்னொரு இடத்திலும் சறுக்குகிறார்கள். ‘நாலு பேருக்குச் சோறு கறி ஆக்க ஏலாது’ என்று எழுதுவார்கள். விதிமுறை பார்ப்பது நாலு பேருக்கு அல்ல. ஒரு ஆளுக்கு ஒரு சாப்பாடு, அதைப் பச்சையான பொருட்களிலிருந்து தொடங்கி, தோலுரித்து, வெட்டி, இடுப்பளவு உயரத்தில் இருக்கிற அடுப்பில் சமைக்க ஏலுமா என்பதுதான். அதனால் விருந்துச் சமையலைச் சொல்லிப் பயன் இல்லை. அதே நேரம், நேற்றைய பருப்பை மைக்ரோவேவில் சூடாக்குவதும் சமையல் அல்ல. நீங்கள் உறைய வைத்த வெங்காயமும் துருவின தேங்காய்ப் பைக்கற்றும் வாங்குவது சோம்பலால் அல்லவே. ஒரு வெங்காயம் உரிக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது, கத்தி எத்தனை தரம் நழுவுகிறது என்று எழுதுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மறுபரிசீலனையிலும் கிடைக்காமல் தீர்ப்பாயத்துக்குப் போனால், அங்கே இருக்கும் வைத்தியர் கட்டாயம் கேட்பார்: ‘துளைக் கரண்டியால் அள்ளி எடுக்கலாமே, பாரம் இல்லாத சட்டி பாவிக்கலாமே?’ நல்ல கேள்விதான். ஏனென்றால் கருவி ஒன்று இருந்தால் செய்ய முடியும் என்பதற்கு 2 புள்ளி, இன்னொரு ஆளின் கை உதவி வேண்டும் என்பதற்கு 4 புள்ளி. உங்களுக்கு இப்போது சமையலுக்குக் கிடைத்திருப்பது அந்த 2. வடிப்பதை மட்டும் நம்பி நின்றால் 2லேயே நிற்பீர்கள். தகரத்தைத் திறப்பது, கரட் வெட்டுவது, உருளைக்கிழங்கு உரிப்பது என்று ஒவ்வொன்றிலும் எந்தக் கருவியை வாங்கிப் பார்த்தீர்கள், அது ஏன் சரிவரவில்லை என்று சொல்ல ஆயத்தமாக இருங்கள். அந்தத் தடித்த கைபிடி போட்ட கத்தி ஒன்று வாங்கி இழுப்பறையில் கிடக்கிறது என்றீர்களே, அதைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

மற்றக் காரியங்களை விரைவாகச் சொல்கிறேன். ஊசிப் பேனாவை அழுத்த விரலில் பலம் இல்லாததால் கணவர் போட்டுவிடுகிறார் என்றால், மருந்து எடுக்க உதவி என்ற வகையில் 1 புள்ளி. உங்களுக்கு அதற்குப் பூச்சியம் போட்டிருக்கிறார்கள். குளிப்பதற்குக் கைபிடி பாவிக்கிறார் என்று 2 தந்திருக்கிறார்கள். ஆனால் கைபிடி இருந்தும் பாத் தொட்டிக்குள் காலை எடுத்து வைக்க மகளின் தோள் வேண்டும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது 3 புள்ளிக்குரிய வரி. விதிமுறை பார்ப்பது மாற்றி அமைக்காத சாதாரணத் தொட்டியையும் ஷவரையும்தான். காலுறையும் சப்பாத்தும் உடுப்புக் கணக்கில் வரும். கீழ்ப்பகுதி உடுப்புக்கு ஆள் உதவி 2 புள்ளி. ஆங்கிலம் தெரியாது என்பதற்கு மட்டும் புள்ளி எதிர்பார்க்காதீர்கள். வாசிப்பையும் பேச்சையும் அவரவர் தாய்மொழியில்தான் பார்ப்பார்கள்.

கூட்டிப் பாருங்கள். சமையல் 4, மருந்து 1, குளிப்பு 3, உடுப்பு 2. மொத்தம் பத்து. நான் வாக்குறுதி தரவில்லை. ஆனால் 4 புள்ளியோடு நின்ற உங்கள் கோப்பில் புதிதாக எந்த நோயையும் சேர்க்காமல், ஏற்கெனவே உங்கள் வீட்டில் நடப்பதை மட்டும் சொல்லியே எட்டைத் தாண்டலாம்.

அடுத்தது நல்ல நாள், கூடாத நாள். நீண்டகால வருத்தம் உள்ள எல்லோருக்கும் இதுதான் தலையிடி. முடக்குவாதம், லூப்பஸ், ஃபைப்ரோமயால்ஜியா, எம்.எஸ்., குரோன்ஸ் எதுவாக இருந்தாலும், மதிப்பீட்டாளர் கேட்கிற நாள் நல்ல நாளாக இருந்துவிட்டால் கதை முடிந்தது. விதி இதற்கும் வழி வைத்திருக்கிறது. வருடத்தின் பாதிக்கு மேற்பட்ட நாட்களில் அந்தச் சிரமம் இருந்தால் போதும். எல்லா நாளும் இருக்கத் தேவையில்லை. ஒரு நாளின் முழு நேரமும் இருக்கவும் தேவையில்லை. காலையில் உடுப்பு மாற்றும் நேரத்தில் விரல் மடங்காவிட்டால், பின்னேரம் மடங்கும் என்பது பதில் ஆகாது. பின்னேரம் வரை யாரும் இரவு உடுப்போடு இருக்க வேண்டியதில்லை.

இதைக் காட்டுவதற்கு ஒரு நாட்குறிப்பு வேண்டும். கொப்பி கூடத் தேவையில்லை, கைபேசியில் குரலாகப் பதிந்து பிள்ளைகளை எழுதச் சொல்லலாம். இரண்டு கிழமை போதும். கூடாத நாட்களை மட்டும் எழுதாதீர்கள், நல்ல நாளையும் எழுதுங்கள். அப்போதுதான் நம்புவார்கள். உதாரணத்துக்கு நீங்கள் அனுப்பியதில் ஒரு நாள்:

‘செவ்வாய். 6.40க்கு விழிப்பு. விரல் மடங்கவில்லை. 7.30 வரை கட்டிலிலேயே. பல் துலக்கும்போது பிரஷ் இரண்டு தரம் விழுந்தது. மகள் பின்னால் கொளுவி போட்டுவிட்டாள். 9.15க்குத்தான் தேத்தண்ணி. அதுவும் கேத்தலில் ஒரு கோப்பைக்கு மட்டும் தண்ணி ஊற்றி.’

சகோதரி, இந்தச் சில வரி உங்கள் நாற்பது பக்கப் படிவத்தைவிடப் பெறுமதி. ஒரே ஒரு திருத்தம். மகள் போட்டுவிட்டாள் என்று எழுதினால் ‘முன்பக்கம் கொளுவுவது வாங்கலாமே’ என்று கேட்பார்கள். வாங்கியும் பார்த்தாயிற்று, சின்னக் கொளுவியை விரலால் பிடிக்க ஏலவில்லை என்றால் அதையும் எழுதிவிடுங்கள்.

கோயிலைப் பற்றி. அறிக்கையில் உங்களுக்கு ஆத்திரம் வந்த இடம் அதுதான் என்று தெரிகிறது. கோயிலுக்குப் போவதை மறைத்திருக்கலாமோ என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஒருபோதும் மறைக்காதீர்கள், குறைத்தும் சொல்லாதீர்கள். ஒரு பொய் பிடிபட்டால் உண்மை பத்தும் அதோடு போய்விடும். கோயிலுக்குப் போகிறேன் என்ற உண்மைக்கு முன்னும் பின்னும் இருக்கிற உண்மையைச் சேருங்கள். கணவர் வாசலடியில் காரை நிறுத்தி இறக்கிவிடுகிறார். வீதி சுற்றுவதில்லை. பின்னுக்குப் போட்டிருக்கிற கதிரையில் இருந்து கும்பிடுகிறேன். நிலத்தில் இருந்தால் எழும்ப ஏலாது. மூன்று வருடமாக விழுந்து கும்பிட்டதில்லை. சனிக்கிழமை மத்தியானம் வரை படுக்கை. இப்படி எழுதினால் கோயில் உங்களுக்கு எதிரான சாட்சியாக இருக்காது, உங்கள் பக்கத்துச் சாட்சியாகிவிடும். அந்தக் கோயிலில் உங்களைப் பார்க்கிற ஒருவர், ‘முந்தி மாலை கட்ட வருவா, இப்ப ஊசி நூல் கோர்க்க ஏலாமல் நிறுத்திவிட்டா’ என்று நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால் அதுவும் ஆதாரம்தான். தமிழில் எழுதி மொழிபெயர்ப்பை இணைக்கலாம்.

நடப்பதும் இப்படித்தான். 50 மீற்றருக்கு மேல், 200 மீற்றருக்குள் நடப்பார் என்று 4 புள்ளி. உங்கள் வீட்டிலிருந்து பஸ் தரிப்பிடம் வரைக்கும் 60 மீற்றர் இருக்கும், ஒருதரம் போய் விடுவேன் என்கிறீர்கள். திரும்பி வந்து உடனே இன்னொரு தரம் போக ஏலுமா? அதுதான் ‘திரும்பத் திரும்ப’ என்பதன் பொருள். வந்து சோபாவில் இரண்டு மணித்தியாலம் காலைத் தூக்கி வைத்துக் கிடப்பது நடையின் ஒரு பகுதி. கைபேசி வரைபடத்தில் அளந்து, எந்த விளக்குக் கம்பத்தடியில் நிற்பீர்கள் என்றே எழுதுங்கள். 50 மீற்றரைத் திரும்பத் திரும்ப நடக்க ஏலாது என்று காட்ட முடிந்தால் 8 புள்ளி.

வைத்தியர் கடிதம். ஜீ.பி.யிடம் போய் ‘பிப்புக்கு ஒரு கடிதம் தாங்கோ’ என்று கேட்டால், இன்ன நோய், இன்ன மருந்து என்று மூன்று வரி வரும். சிலர் அதற்குக் காசும் கேட்பார்கள். அது ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த விஷயம், புள்ளிக்கு உதவாது. வாத நோய்ப் பிரிவுத் தாதியிடமோ, கைக்குச் சிகிச்சை தருகிற தொழில்வழிச் சிகிச்சையாளரிடமோ, பிடிபலம் எவ்வளவு, காலை இறுக்கம் எவ்வளவு நேரம், எந்தக் கருவி கொடுத்தார்கள் என்று குறிப்பாகக் கேளுங்கள். வைத்தியசாலைக் கிளினிக்கிலிருந்து ஜீ.பி.க்குப் போகிற கடிதங்களின் பிரதி உங்களுக்கும் வரும், அவை இலவசம். அதையெல்லாம் ஒரு பைலில் போடுங்கள். ஆதாரம் வந்து சேரத் தாமதம் என்றால் மறுபரிசீலனைக் கடிதத்தை நிறுத்தி வைக்காதீர்கள். ‘இன்ன திகதிக்குள் அனுப்புவேன், அதுவரை முடிவு எடுக்க வேண்டாம்’ என்று எழுதிவிட்டு அனுப்புங்கள். பதிவுத் தபாலில்.

அப்புறம் காத்திருப்பு. மறுபரிசீலனை முடிவு பெரும்பாலும் மாறாமல்தான் வருகிறது. ‘நாங்கள் மறுபடி பார்த்தோம், அதே முடிவு’ என்று ஒரு கடிதம். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள் என்பது என் ஆதங்கம். அது வழியில் இருக்கிற ஒரு கதவு, அவ்வளவுதான். அதைத் தாண்டினால்தான் தீர்ப்பாயம். அந்தக் கடிதத்தின் திகதியிலிருந்து இன்னொரு ஒரு மாதத்துக்குள் இணையத்திலோ எஸ்.எஸ்.சி.எஸ். 1 என்ற படிவத்திலோ மேன்முறையீடு செய்ய வேண்டும். இந்தத் தடவை கோப்பைப் பார்ப்பது முடிவெடுத்த துறை அல்ல, சுயாதீனமான தீர்ப்பாயம். வாய்மொழி விசாரணைக்குப் போகிற பிப் வழக்குகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு விண்ணப்பதாரருக்குச் சாதகமாக முடிகின்றன. படிவத்தில் ‘எழுத்தில் மட்டும் பார்க்கவும்’ என்ற பெட்டியை அடையாளமிடாதீர்கள். நேரிலோ காணொளியிலோ தொலைபேசியிலோ, நீங்கள் பேச வேண்டும்.

மேன்முறையீடு பதிந்த பிறகு ஒருநாள் துறையிலிருந்தே தொலைபேசி வரலாம்: ‘முடிவை மாற்றி இவ்வளவு தருகிறோம், சரியா?’ சந்தோஷத்தில் உடனே ஓம் சொல்லிவிடாதீர்கள். விவரத்தைக் குறித்துக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று ஒருநாள் தவணை கேட்டு, ஆலோசகரிடம் காட்டுங்கள். சிலவேளை நல்ல தொகைதான். சிலவேளை குறைவு. ஏற்றுக்கொண்டாலும் அந்தப் புதிய முடிவை எதிர்த்துத் திரும்பவும் மேன்முறையிடும் உரிமை உண்டு.

விசாரணை என்றதும் கறுப்பு அங்கி, கூண்டு என்று கற்பனை செய்யாதீர்கள். ஒரு மேசை. எதிரே மூன்று பேர்: ஒரு நீதிபதி, ஒரு வைத்தியர், இயலாமையைப் பற்றி அனுபவம் உள்ள ஒருவர். தண்ணீர்ப் போத்தல் வைத்திருப்பார்கள். கேள்வியெல்லாம் வீட்டுக் கேள்விதான். நான் கூடப்போன ஒரு ஐயாவிடம் முதல் மரியாதைக்கு ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்றார் நீதிபதி. இரண்டு ஊன்றுகோலோடு வந்த மனிதர் எழும்பி நின்று ‘நல்ல சுகம் ஐயா, உங்கட புண்ணியம்’ என்றார். எனக்கு நெஞ்சிடி. நல்லவேளை, நீதிபதி சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். ‘இன்றைக்குச் சாதாரண நாளா, நல்ல நாளா?’ என்று அவரே கேட்டதால் தப்பினோம்.

மொழிபெயர்ப்பாளரைக் கட்டாயம் கேளுங்கள். ஆங்கிலம் ஓரளவு வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘ஓரளவு’தான் தொலைபேசியில் உங்களைக் கவிழ்த்தது. மொழிபெயர்ப்பாளர் இலவசம். மகனை வைத்துச் சமாளிக்க விட மாட்டார்கள், விட்டாலும் வேண்டாம், கழிப்பறைக் கேள்வியை மகன் முன்னால் எப்படிச் சொல்வீர்கள்? படிவத்தில் மொழி என்ற இடத்தில் தமிழ் என்று மட்டும் போடாமல் இலங்கைத் தமிழ் என்று எழுதுங்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவர், ‘அவருக்கு ஏழு வருசமா வருத்தம்’ என்றதை ஏழு வருடமாக மனக்கவலை என்று மொழிபெயர்த்ததைக் காதால் கேட்டிருக்கிறேன். ‘நாரி நோ’ (இடுப்பு வலி) என்றால் அவர் திகைத்துப் போவார். உங்களுக்கு இன்னும் முக்கியமான சொல் ‘விறைப்பு’. நாங்கள் விறைத்துப் போச்சு என்றால் உணர்ச்சி இல்லை என்று அர்த்தம், அங்கே விறைப்பு என்றால் மடங்காமல் இறுகி நிற்பது. முடக்குவாதத்தில் இரண்டும் ஒன்றல்ல, வைத்தியர் கவனிப்பார். அதனால் அந்தச் சொல்லையே விட்டுவிட்டு, ‘காலையில் ஒரு மணித்தியாலம் விரலை மடக்க ஏலாது’ என்று செய்கையைச் சொல்லுங்கள்.

தீர்ப்பாயம் பார்ப்பது மறுப்பு முடிவு எடுத்த நாளில் உங்கள் நிலை எப்படி இருந்தது என்பதை. அதற்குப் பிறகு நோய் மோசமாகியிருந்தால் அது புதிய விண்ணப்பத்துக்குரிய விஷயம். ஆனால் மேன்முறையீடு நடக்கும்போது புதிய விண்ணப்பம் போடுவதற்கு முன் ஒரு ஆலோசகரிடம் கேளுங்கள், ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். தீர்ப்பாயத்திலும் தோற்றால், ஒரு மாதத்துக்குள் எழுத்தில் காரண விளக்கம் கேட்கலாம். சட்டப் பிழை இருந்தால் மேல் தீர்ப்பாயம். அந்தக் கட்டம் வந்தால் திரும்ப எழுதுங்கள்.

ஆலோசகர் என்றதும் காசு கொடுத்துப் பிடிக்கிற ஆளை நினைக்காதீர்கள். சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பு, லோ சென்டர்கள் என்ற சட்ட உதவி நிலையங்கள், சில கவுன்சில்களின் நல உரிமைப் பிரிவு எல்லாம் இலவசம். நிலுவைக் காசில் பத்து வீதம் தா, படிவம் நிரப்பித் தருகிறேன் என்று திரிகிற நம்மவர்களும் இருக்கிறார்கள். ஒரே கதையைப் பெயர் மாற்றி எல்லோருக்கும் எழுதுவார்கள். தீர்ப்பாயத்தில் அதை வாசிக்கிற மூவருக்கும் அது தெரியும்.

‘நாலு புள்ளி ஒரே இடத்தில் இல்லாவிட்டால் இனி ஒன்றும் கிடையாது’ என்று ஒரு வாட்ஸ்அப் செய்தியையும் அனுப்பிக் கேட்டிருந்தீர்கள். 2025 பங்குனியில் அரசாங்கம் அப்படி ஒரு யோசனையை அறிவித்தது உண்மை. எதிர்ப்பு வலுத்ததும் அதே ஆடியில் மசோதாவிலிருந்து எடுத்துவிட்டார்கள். உங்கள் வழக்கைப் பழைய விதியின்படிதான் பார்க்க வேண்டும். ஸ்கொட்லாந்தில் இருக்கிற வாசகர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு: அங்கே பிப்புக்குப் பதிலாக வேறு கொடுப்பனவு வந்துவிட்டது. பெயரும் படிவமும் வேறு. மறுதீர்மானம் (அங்கத்தைய மறுபரிசீலனை) கேட்க 42 நாள்.

நாளைக்கே அந்த மறுபரிசீலனைக் கடிதத்தைத் தொடங்குங்கள். முதல் வரியில் உங்கள் பெயரும் தேசியக் காப்புறுதி எண்ணும், இரண்டாவது வரியில் எந்தத் திகதி முடிவோடு உடன்படவில்லை என்பதும். மூன்றாவது வரியைக் கஞ்சிப் பானையிலிருந்து ஆரம்பியுங்கள். எழுத விரல் ஏலாவிட்டால் நீங்கள் சொல்லச் சொல்ல மகள் தட்டச்சுச் செய்யட்டும். கடைசியில் ‘விரல் வருத்தத்தால் நான் சொல்ல மகள் எழுதியது’ என்று ஒரு வரி போட மறந்துவிடாதீர்கள்.